மூன்று வருடம், வாரம் ஒரு ரொட்டி: அந்த பேக்கரிக்கு இவ்வளவு பேச்சு தகுமா?

குரோசான் (வெண்ணெய் அடுக்கு வைத்துச் சுடுகிற பிரெஞ்சுப் பண்டம்) ஒன்று 240 ரூபாய்க்கு விற்கிற கடைக்கு மூன்று வருடத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அப்படி என்னதான் இருக்கு அதுல?" போன மாதம் என் நாத்தனாரும் கேட்டாள், அவளுக்கு வாட்ஸப்பில் எழுத ஆரம்பித்து நீண்டுபோனதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். சென்னையில் இந்த மாதிரி கண்ணாடிச் சுவர், மஞ்சள் விளக்கு, சனி ஞாயிறு வாசலில் வரிசை என்று வளர்ந்த கடைகள் நாலைந்து இருக்கின்றன, நான் சொல்வதில் பாதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொட்டி தகும். குரோசான் எந்தக் கிளை, எத்தனை மணி என்பதைப் பொறுத்தது. கேக்கும் சாண்ட்விச்சும் காபியும் தகாது.

2022 கோடையில் அடையாறு கிளைக்குத்தான் முதலில் போனேன். அப்போது அவர்களுக்கு அந்த ஒரு கிளைதான், மாவு பிசைவதிலிருந்து சுடுவது வரை பின்பக்கமே நடக்கும், கல்லாவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அன்று வாங்கியது ஒரு குண்டு சவர்டோ ரொட்டி, அதாவது புளித்த தாய்மாவில் செய்கிற ரொட்டி, 280 ரூபாய். ஒரு ரொட்டிக்கு இவ்வளவா என்று எனக்கும் இருந்தது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், மேலோடு நல்ல தேன் நிறம், அங்கங்கே கறுத்து, பொரித்த அப்பளத்தில் இருப்பது மாதிரி சின்னச் சின்னக் கொப்புளம். இரண்டு கையாலும் லேசாக அழுத்தினால் சருகு நொறுங்குகிற சத்தம். உள்ளே ஈரப்பதம் குறையாத, மின்னுகிற, சீரில்லாத ஓட்டைகள். மோரின் புளிப்பு வாசனை, ஆனால் நாக்கில் புளிப்பு அடங்கித்தான் இருந்தது. அப்பாவுக்கு அதைத் தவாவில் நெய் விட்டுச் சுட்டு இட்லிப்பொடி தூவிக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல் மூன்று துண்டு சாப்பிட்டார். அதிலிருந்து வாரம் ஒன்று.

ஏன் இந்த விலை என்பது எனக்குப் புரிய கொஞ்ச காலம் ஆனது. இட்லி மாவு பொங்குகிற மாதிரியேதான் இதுவும் பொங்குகிறது. கடையில் விற்கிற ஈஸ்ட்டைப் போடுவதில்லை. மாவும் தண்ணீரும் கலந்து நாள்கணக்கில் புளிக்கவைத்த தாய்மாவில் தானாக வளர்ந்த ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும்தான் ரொட்டியை எழுப்புகின்றன. ஆனால் இட்லி மாவு மாதிரி ராத்திரி முழுக்க மேடையில் விட்டுவிட முடியாது. நம் ஊர் வெக்கையில் விடிவதற்குள் அளவுக்கு மீறிப் புளித்து, மாவின் இழுவை அறுந்து, ரொட்டி தட்டையாகப் படுத்துவிடும். அதனால் பிசைந்த மாவைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் குளிரில் வைத்து மெதுவாகப் புளிக்கவிடுகிறார்கள். சாதாரண பேக்கரி ரொட்டி ஈஸ்ட்டும் இம்ப்ரூவரும் (மாவைச் சீக்கிரம் பதப்படுத்துகிற கலவை) போட்டு சில மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும். அந்த நேரத்துக்கும், குளிர்ப் பெட்டி ஓடுகிற கரண்டுக்கும், கைப்பழக்கத்துக்கும்தான் நாம் காசு கொடுக்கிறோம், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். சமையலறைத் தராசில் ரொட்டியை நிறுத்துப் பார்ப்பது என் வழக்கம். முதல் வருடம் 700 கிராமுக்குக் குறைந்ததே இல்லை. இப்போது 600 வந்தால் பெரிது, விலை 390. பலகையில் 110 ரூபாய்தான் ஏறியது மாதிரி தெரியும், ஆனால் 100 கிராம் கணக்குப் போட்டால் 40 ரூபாய் 65 ஆகியிருக்கிறது. விலையை ஏற்றினால் ஏற்றியது தெரிகிறது, எடையைக் குறைத்தால் யாருக்குத் தெரியும்? இது நேர்மையில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, பெயரை நம்பி வாங்காதீர்கள். அதே அலமாரியில் 'சாஃப்ட் சவர்டோ' என்று ஒரு சதுர ரொட்டி வந்திருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று கடைப் பையன்களே எடுத்துக் கொடுப்பார்கள். லேபிளைப் படித்தால் மைதா, தண்ணீர், சர்க்கரை, எண்ணெய், ஈஸ்ட் என்று போகிறது, சவர்டோ கடைசிக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது. பொட்டலத்தில் பொருட்களின் பட்டியல் எடை வரிசைப்படிதான் இருக்க வேண்டும், எது அதிகமோ அது முதலில். குண்டு ரொட்டியில் இன்றைக்கும் மூன்றே பொருள்தான்: மாவு, தண்ணீர், உப்பு. மல்டிகிரெய்னும் இதே மாதிரிதான், பழுப்பாக இருப்பதெல்லாம் முழுக்கோதுமை இல்லை. கேரமல் நிறம் சேர்த்தாலும் பழுப்பாகத்தான் இருக்கும்.

சுவரில் பெரிய எழுத்தில் 'பொட்டாசியம் புரோமேட் இல்லை' என்று ஒரு பலகை வேறு. ரொட்டி நன்றாக எழும்ப மாவில் போட்டுவந்த ரசாயனம் அது, புற்றுநோய் வரலாம் என்ற சந்தேகம் உள்ளது. 2016 மே மாதம் டெல்லியில் இருக்கிற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடை ரொட்டிகளைச் சோதித்து அவற்றில் அது இருப்பதை வெளியிட்டது, அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. இந்தியாவில் எந்த பேக்கரியும் அதைப் போடக்கூடாது, தெருமுனைக் கடையும் சேர்த்து. சட்டப்படி எல்லோரும் செய்தே ஆக வேண்டியதைத் தனிப் பெருமையாக எழுதி வைத்தால், படிக்கிறவர்கள் மற்ற கடையில் எல்லாம் விஷம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். என் பக்கத்து வீட்டு மாமி அப்படித்தான் நினைத்திருந்தார்.

சரி, குரோசானுக்கு வருவோம், பேச்செல்லாம் அதைப் பற்றித்தானே.

வீச்சு பரோட்டாவை மடித்துச் சுற்றி அடுக்கு கொண்டுவருகிற ஊரில் பிறந்த நமக்கு குரோசானைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. மாவுக்கு நடுவில் வெண்ணெய்த் தகடு வைத்து, தேய்த்து, மூன்றாக மடித்து, ஆறவைத்து, மறுபடி தேய்த்து மடித்து, அதையே மூன்றாம் தடவையும் செய்தால் 27 வெண்ணெய் அடுக்கு. ஊட்டி வர்க்கியும் அடுக்குதான், ஆனால் அது பெரும்பாலும் வனஸ்பதியில் செய்வது, மொறுமொறுவென்று நாள்கணக்கில் தாங்கும். வெண்ணெய் அப்படி இல்லை. 32, 33 டிகிரியில் அது உருகிவிடும், அது சென்னையில் சும்மா உட்கார்ந்திருக்கிற சூடு! அடுக்குப் போடுகிற அறை குளிராக இல்லையென்றால் வெண்ணெய் மாவுக்குள் கரைந்து அடுக்கே இல்லாமல் பன் ஆகிவிடும். அதனால் இங்கே ஒருவர் நல்ல குரோசான் கொடுக்கிறார் என்றால் அது உண்மையிலேயே பெரிய வேலை.

2022இல் அந்தக் கிளையில் கொடுத்தது அப்படிப்பட்ட குரோசான். கத்தியால் குறுக்கே வெட்டினால் தேன்கூடு மாதிரி சுருள் சுருளாகத் திறந்திருக்கும், மேல் தோல் மேசை முழுக்க உதிரும். முக்கியமாக, சாப்பிட்டு முடித்தபின் மேல்வாயில் எதுவும் ஒட்டாது. வெண்ணெய் வாய்ச்சூட்டிலேயே கரைந்து போய்விடும். வெண்ணெய்க்குப் பதிலாகப் போடுகிற பேக்கரி மார்ஜரின் அதைவிட அதிக சூட்டில்தான் உருகும், அதனால் மெழுகு பூசின மாதிரி அண்ணத்தில் தங்கிவிடும், நாக்கால் தடவினால் தெரியும். எந்தக் கடையிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், மெனுவில் 'பிரெஞ்சு பட்டர்' என்று எழுதியிருப்பதைவிட உங்கள் அண்ணம் சரியாகச் சொல்லும்.

2023 கடைசியில் கிளைகள் ஒவ்வொன்றாக முளைக்க ஆரம்பித்தன, இப்போது ஏழு. ஊருக்கு வெளியே ஒரு சென்ட்ரல் கிச்சன் போட்டு, அங்கே செய்து உறையவைத்து வண்டியில் அனுப்பி, கிளையில் சுட மட்டும் செய்கிறார்கள். உறையவைப்பது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், உலகத்தில் எத்தனையோ நல்ல கடைகள் அப்படித்தான் செய்கின்றன. சிக்கல் சுடுகிற இடத்தில். வேளச்சேரி கிளையில் இந்த மார்ச்சில் வாங்கினதை வீட்டில் வெட்டிப் பார்த்தேன். மேலே வெளிர் மஞ்சள், அடியில் விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் வேகாத மாவுப் பட்டை, அழுத்தினால் எழும்பவில்லை, களி மாதிரி அப்படியே பதிந்து நின்றது. போட்டோவில் பொன்னிறமாக வர வேண்டும் என்று ஐந்து நிமிடம் முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள் என்பது என் ஊகம். நல்ல குரோசான் அந்த நிறத்தில் இருக்காது, அடிப்பக்கம் வெல்லப்பாகு நிறம் வந்திருக்க வேண்டும். அதனால் வாங்கும்போது தயங்காமல் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் நேரம். எட்டு மணிக்குச் சுட்டதை மத்தியானம் மூன்று மணிக்கு வாங்கினால், நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் மேல் தோல் நமுத்துப்போயிருக்கும், அதற்கும் அதே 240தான்.

பாதாம் குரோசான் 320. அது முந்தின நாள் மிஞ்சிய குரோசானைப் பாகில் நனைத்து, பாதாம் விழுது வைத்து, மறுபடி சுடுகிற பண்டம், பிரான்சிலும் வழக்கமே அதுதான். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழைய சரக்குக்குப் புதுசைவிட 80 ரூபாய் கூடக் கொடுக்கிறோம் என்பது தெரிந்து வாங்குங்கள்.

கேக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு கிலோ சாக்லேட் கேக், 2,200 ரூபாய், நான்கு நாள் முன்னாடியே சொல்லி வைத்தேன். மாலை ஆறரைக்குக் கொண்டுவந்தார்கள், ஏழு மணிக்குக் குழந்தைகள் சுற்றி நிற்க அவள் கத்தியை வைத்தால் பாதியில் நின்றுவிட்டது. நடுவில் கல். ஃபிரீசரிலிருந்து எடுத்து இளகுவதற்குக்கூட நேரம் விடாமல் அனுப்பியிருக்கிறார்கள். ஓரத்தை மட்டும் வெட்டிக் கொடுத்து, மிச்சத்தை ஒன்றரை மணி நேரம் வெளியில் வைத்தேன், அதற்குள் பாதிப் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். போன் பண்ணினால் வருத்தம் தெரிவித்தார்கள், 300 ரூபாய்க்குக் கூப்பன் அனுப்பினார்கள், அதைப் பயன்படுத்த 1,000 ரூபாய்க்கு வாங்க வேண்டுமாம். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. கேக்குக்காக அந்தக் கடைக்கு இனி போகமாட்டேன். பிறந்தநாளுக்கு எங்கள் தெருக்கோடி பேக்கரியில் சொன்னால், அந்த அண்ணன் காலையில் செய்து மாலையில் தானே ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுக்கிறார்.

காபி 260, குடித்து அரை மணி நேரத்தில் மறந்துபோகும். சாண்ட்விச்சில் ரொட்டியைத் தவிர எதுவும் நினைவில் இல்லை.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் போகிறேன் என்றால், அந்தக் குண்டு ரொட்டிக்காகத்தான், அதை எனக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுத்த ஒரு பையனுக்காகவும். ஆரம்பத்தில் அடையாறு கிளையில் தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் அடுப்பில் நிற்பான். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, ரொட்டி மறுநாளே விறைத்துப்போகிறது என்று நான் குறை சொன்னதும் உள்ளேயிருந்து வெளியே வந்தான். "அக்கா, ஃபிரிட்ஜுல வெச்சீங்களா? அங்க மட்டும் வெக்காதீங்க. ரெண்டு நாளைக்கு வேணுங்கறத துணில சுத்தி வெளிய வைங்க, மிச்சத்த துண்டு போட்டு ஃபிரீசர்ல போட்ருங்க, எடுத்து நேரா தவாவுல போடலாம்." அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ரொட்டியில் இருக்கிற மாவுச்சத்து ஃபிரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக இறுகுகிறது, உறைநிலையில் அது நின்றுவிடும். மழைக்காலத்தில் மட்டும் துணியில் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், நவம்பரில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்துவிடும். சூடாக இருக்கும்போது வெட்டக்கூடாது என்பதும் அவன் சொன்னதுதான், உள்ளே ஆவி அடங்காமல் வெட்டினால் பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் ஆனதும் அவன் இல்லை. சம்பளம் போதவில்லை என்று வேறு இடத்துக்குப் போய்விட்டதாக இன்னொரு பையன் சொன்னான். புதுக் கிளைகளில் உள்அலங்காரத்துக்குக் கொட்டுகிற பணத்தில் கொஞ்சத்தை அவனை மாதிரி ஆட்களை வைத்துக்கொள்வதற்குச் செலவழித்திருந்தால் வேளச்சேரியில் அந்தச் சாம்பல் பட்டை வந்திருக்காது. இதை அந்தக் கடை நடத்துகிறவர்கள் யாராவது படித்தால் நன்றாயிருக்கும்.

வரிசையில் நிற்கிற பிள்ளைகளிடம் நான் ஒன்று சொல்ல ஆசைப்படுவேன். இந்த ஊருக்கு பேக்கரி புதுசில்லை. வேப்பேரிப் பக்கம் ஸ்மித் ஃபீல்ட் 1885 முதல் இருக்கிறது, மெக்ரெனட் 1903 முதல். தெற்கே போனால் முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் மட்டும் வைத்துத் தூத்துக்குடிக்காரர்கள் செய்கிற மக்ரூன், அந்த நுணுக்கம் எந்தக் கண்ணாடிக் கடைக்கும் குறைந்ததில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தட்டிலிருந்து இறக்கின தேங்காய் பன் எங்கள் தெருவில் 25 ரூபாய், அந்த நேரத்தில் அதற்கு ஈடாக அந்தச் சங்கிலிக் கடையில் எதுவும் இல்லை. சவர்டோவுக்கு அங்கே போங்கள், பன்னுக்கு இங்கே வாருங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: அடையாறு கிளை, வார நாளில், காலை எட்டரைக்குள். அங்கே இன்னும் பழைய அடுப்பு இருக்கிறது, ரொட்டியை மட்டும் அங்கேயே செய்து சுடுகிறார்கள். "இன்னிக்குச் சுட்டதா?" என்று கேளுங்கள், தேதி ஒட்டியிருந்தாலும் கேளுங்கள். குண்டு ரொட்டியை முழுசாக வாங்குங்கள், கடையில் துண்டு போடச் சொல்லாதீர்கள், போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். குரோசான் எடுத்தால் அடிப்பக்கத்தைப் பார்த்து எடுங்கள். சனிக்கிழமை போகவே போகாதீர்கள்.