லிவிங் டிரஸ்ட் எழுதிச் சில ஆண்டுகள் கழித்து: கலிஃபோர்னியாவில் வக்கீலுக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறோம்?

கலிஃபோர்னியாவில் வீடு வைத்திருக்கும் தம்பதிகள் லிவிங் டிரஸ்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை வைத்து, பின்னால் வாரிசுகளுக்குச் சேர்க்கும் அறக்கட்டளைப் பத்திரம்) எழுதுவது பெரும்பாலும் புரோபேட் நீதிமன்றத்துக்கு, அதாவது இறந்தவரின் சொத்தைப் பிரித்துத் தரும் நீதிமன்றத்துக்கு, பயந்துதான். பயம் நியாயமானது. அங்கே வக்கீல் கட்டணத்துக்குச் சட்டமே உச்ச விகிதம் வைத்திருக்கிறது: முதல் ஒரு லட்சம் டாலருக்கு 4%, அடுத்த லட்சத்துக்கு 3%, அதற்கு மேல் 8 லட்சத்துக்கு 2%. பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 23,000 டாலர். உயிலை நிறைவேற்றுபவரும் அதே தொகையைக் கேட்கலாம். கணக்கிடும்போது வீட்டுக்கடனைக் கழிப்பதில்லை. 8 லட்சம் பாக்கி இருந்தாலும் பத்து லட்சத்துக்குத்தான் கட்டணம். 2025 ஏப்ரல் முதல் 7,50,000 டாலர் வரையிலான சொந்த வீட்டுக்குச் சுருக்கமான மனு போதும். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் அந்த விலைக்கு வீடு அபூர்வம்.

ஆனால் தோல் அட்டை போட்ட தடிமனான கோப்பு கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பெரிய தவறு. டிரஸ்ட் வெறும் பாத்திரம். சொத்தை அதில் போட்டால்தான் பயன். வீட்டுக்குப் புது டீட் (உரிமைப் பத்திரம்) எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, உரிமை மாற்ற அறிக்கைப் படிவத்தோடு கவுண்டி (மாவட்ட) ரெக்கார்டர் என்ற பதிவாளரிடம் பதிய வேண்டும். நம்முடைய ரத்துசெய்யத்தக்க டிரஸ்டுக்கே மாற்றுவதால் சொத்து வரி மறுமதிப்பீடு வராது. வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லி டிரஸ்டின் பெயரைச் சேர்க்க வேண்டும்.

சில ஆண்டுகளில் வட்டி குறைகிறது, பழைய வீட்டுக்கடனை அடைத்துப் புதுக்கடன் எடுக்க ரீஃபைனான்ஸ் செய்கிறார்கள். கடன் கொடுப்பவர் வீட்டை டிரஸ்டிலிருந்து எடுத்துத் தனிப்பெயரில் மாற்றச் சொல்வது உண்டு. புதுக்கடன் வேலை முடிந்ததும் திரும்ப டிரஸ்டுக்கு மாற்ற யாருக்கும் நினைவிருப்பதில்லை. கோப்பு அலமாரியில் பத்திரமாக இருக்கும், வீடு வெளியே இருக்கும். டிரஸ்டின் சொத்துப் பட்டியலில் வீட்டைத் தெளிவாகக் குறித்திருந்தால், 1993 ஹெக்ஸ்டாட் தீர்ப்பின் வழியில் நீதிமன்றத்தில் மனுப் போட்டு மீட்க வழியுண்டு. அதற்கும் வக்கீல், அதற்கும் செலவு. ரீஃபைனான்ஸ் முடிந்த வாரமே கவுண்டிப் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை மட்டும் டிரஸ்டின் பெயருக்கு மாற்றக் கூடாது. பணத்தை வெளியே எடுத்ததாகக் கருதி வரி விழும். அங்கே வாரிசுப் படிவம் போதும். திருமணத்துக்கு முன் போட்ட படிவத்தில் இன்னும் அப்பா பெயரே இருக்கிறதா என்று பாருங்கள்.

வக்கீலைத் தேர்ந்தெடுக்க முதலில் வக்கீல்களுக்கு உரிமம் தரும் கலிஃபோர்னியா ஸ்டேட் பார் அமைப்பின் தளத்தில் உரிமமும் ஒழுங்கு நடவடிக்கையும் தேடுங்கள். எஸ்டேட் (உயில், டிரஸ்ட், வாரிசுச் சொத்து) துறையில் ஸ்டேட் பார் சான்று பெற்ற வல்லுநர்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருப்பார்கள். இலவச விருந்தோடு கருத்தரங்கு நடத்தி, வக்கீலே இல்லாமல் டிரஸ்ட் விற்பவர்களிடம் போகாதீர்கள்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "என் துணைவி அமெரிக்கக் குடிமகள் இல்லை, அதற்கு என்ன செய்வீர்கள்?" குடியுரிமை இல்லாத துணைக்குப் போகும் சொத்துக்கு எஸ்டேட் வரியில் (இறந்தவரின் சொத்து மீதான வரி) வரம்பற்ற விலக்கு கிடையாது, கியூடாட் என்ற தனி டிரஸ்ட் தேவைப்படலாம். இறந்தவர் அமெரிக்காவை நிரந்தர இருப்பிடமாகக் கொள்ளாத வெளிநாட்டவர் என்று முடிவானால், அங்குள்ள சொத்துக்கு விலக்கு 60,000 டாலர்தான். விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பொருந்தக்கூடும். இந்தக் கேள்விக்குத் தடுமாறும் வக்கீலை விட்டுவிடலாம். சென்னையில் மனையோ வீடோ இருந்தால் அதற்குத் தனி உயில் வையுங்கள். அமெரிக்க உயிலில் வழக்கமாக வரும் "முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து" என்ற வரி இந்திய உயிலையும் அழிக்காதபடி எழுதச் சொல்லுங்கள்.

இந்த வேலைக்கு மணிக்கணக்கில் கட்டணம் கொடுப்பதை விட, மொத்த வேலைக்கும் ஒரே தொகை பேசும் ஃப்ளாட் ஃபீ நல்லது. செலவு 1,000 டாலரைத் தாண்டும் என்றால் எழுத்து ஒப்பந்தம் சட்டப்படி தேவை. அதில் டிரஸ்ட், மிச்சச் சொத்தை டிரஸ்டில் சேர்க்கும் உயில், இருவருக்கும் நிதி அதிகாரப் பத்திரம், மருத்துவ முன்னறிவிப்பு (நாம் பேச முடியாத நிலையில் சிகிச்சை பற்றிய விருப்பத்தைச் சொல்லும் பத்திரம்), குழந்தைகளுக்குக் காப்பாளர் நியமனம் எல்லாம் அடங்குமா? டீட் எழுதிப் பதிவது யார், எத்தனை வீட்டுக்கு? வங்கிக் கணக்கு மாற்றத்துக்குக் கடிதம் தருவார்களா? பின்னால் ஒரு பெயரை மாற்ற எவ்வளவு? மலிவான பொட்டலங்களில் பெரும்பாலும் விடுபடுவது டீட் பதிவுதான். அதைச் சேர்த்துத் தருபவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணல்ல.

பிள்ளைக்கு 18 நிறைந்ததும் காப்பாளர் பகுதி செல்லாது. கல்லூரிக்குக் கிளம்பும் முன் அவர் பெயரிலேயே ஒரு மருத்துவ அதிகாரப் பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.