வாசலில் கைகுலுக்கலா, வீடு சந்திப்பா?

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துச் சபைகளில் அதிகம் பேசாத ஆயர்கள், ஆராதனை முடிந்து கோவில் வாசலில் நின்று கைகுலுக்குவதா, சபையாரின் வீடுகளுக்குப் போவதா, எதற்கு முதலிடம் கொடுப்பது என்று தவிக்கிறார்கள்.

நேரம்: வாசலில் இருநூறு பேரையும் 20 நிமிடத்தில் பார்த்துவிடலாம். வீடு என்றால் ஒன்றுக்கு அரைமணி; ஒரு மாலைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

களைப்பு: வாசல்தான் அதிகம் வாட்டும். பிரசங்கம் முடிந்த கையோடு நிற்பதால் முகம் வாடும்; அதைப் பார்த்து “ஆயருக்குத் தலைக்கனம்” என்பார்கள். சபைச் செயலரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். திக்குவாய் மோசேக்கு தேவன் ஆரோனைத் துணையாகத் தந்ததை வேதாகமத்தில் யாத்திராகமம் 4 சொல்கிறது; துணை தேடுவது குறையே அல்ல.

ஆழம்: இதில் வீடு சந்திப்புக்கு ஈடில்லை. மகன் வளைகுடாவில் இருக்கும் வீட்டில் அம்மச்சி கட்டன்சாயா வைத்துவிட்டு உட்காருவார். முதல் பத்து நிமிடம் அவரே பேசட்டும். அவசரப்பட்டு வேதவசனம் எடுத்தால் மனசிலுள்ளதை விழுங்கிவிடுவார். இந்தப் பொறுமை அமைதியான ஆயருக்கு இயல்பாகவே உண்டு.

தவறும் இடம்: ரப்பர் பால்வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழுவார்கள், இரவு எட்டுக்கு மேல் போகாதீர்கள்.

புதிதாக வருகிறவர்களை அறிய வாசல். துக்கம், கடன், நோய் என்றால் வீடுதான்.