கடலூரா, புதுச்சேரியா, போனா? அடிபட்ட மனசுக்கு யாரிடம் போவது

நான் முதன்முதலில் போய் உட்கார்ந்த மனநல கவுன்சிலர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி, "அவருக்குக் கோபம் வர்ற மாதிரி நீங்க என்னம்மா பண்ணீங்க?" என்பது. மாடிப்படி ஏறிப் போகிற சின்ன அறை, மேசைக் கண்ணாடிக்கு அடியில் சாமி படமும் பழைய காலண்டர் தாளும். ஏழு வருஷமாக வீட்டில் கேட்ட அதே கேள்வி இங்கேயும் வந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன். படிவத்தில் அவசரத் தொடர்புக்கு என்று அண்ணன் நம்பரை எழுதியிருந்தேன் இல்லையா, அன்று சாயங்காலமே அண்ணனுக்கு போன் போயிருக்கிறது, தங்கச்சி கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனால் சரியாகிவிடும் என்று. அதற்கப்புறம் நான்கு மாதம் நான் எந்தப் பக்கமும் போகவில்லை.

பிறகு ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்து, இப்போது ஒருவரிடம் நிலைத்திருக்கிறேன். கடலூரில் அம்மா வீடு, புதுச்சேரியில் வேலை, அதனால் இரண்டு ஊரிலும் அலைந்தாயிற்று. வீட்டுக்காரரிடம் அடியும் வசவும் தாங்கி ஒருவழியாக வெளியே வந்து, இனி இதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் அந்த நான்கு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற மேல்படிப்பு படித்த டாக்டர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், எம்.ஃபில். போன்ற தனிப் பயிற்சி முடித்து, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை, நல்லவர்கள் கேட்டவுடன் சொல்வார்கள். கவுன்சிலர் என்ற பெயரில்தான் சிக்கல். வருஷக்கணக்கில் இப்படிப்பட்ட பெண்களோடு வேலை செய்து பழகியவர்களும் அந்தப் பெயரில் இருக்கிறார்கள், சில மாதச் சான்றிதழோடு போர்டு மாட்டியவர்களும் அதே பெயரில்தான் இருக்கிறார்கள்.

செலவைப் பார்த்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு ஈடு கிடையாது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர், அங்கே மனநலப் பிரிவு தனியாகவே இருக்கிறது. கடலூரில் மஞ்சக்குப்பத்து தலைமை ஆஸ்பத்திரி, சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. தூக்கமே இல்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறது என்ற நிலையில் இருந்தால் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக அங்கே போங்கள். நடுராத்திரி என்றால் 14416, டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டுக்காரர் வாசலில் வந்து கத்திக்கொண்டு நிற்கிறார் என்றால் 112, அவசர உதவி எண்.

ஆனால் ஒரே ஆளிடம், அவசரமில்லாமல், முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் கூட்டம் நிறைந்த எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் அது சுலபமாக அமையாது. போகும்போதே ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்க்க முடியுமா, அங்கே சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள், கேட்டால்தான் கிடைக்கும். இன்னொன்று, எங்கள் ஊரில் நான்கு பேர் நிற்கும் வரிசையில் ஒருவராவது சொந்தமாக இருப்பார், இல்லையென்றால் மாமியாருக்குத் தெரிந்தவராக இருப்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே கடலூரில் இருப்பவர்களுக்குப் புதுச்சேரியைத்தான் சொல்வேன். பஸ் ஏறினால் 25 கிலோமீட்டர்கூட இல்லை.

மாத்திரையா, பேச்சா என்பதில் நான் ரொம்ப நாள் வீம்பாக இருந்தேன். பைத்தியத்துக்குத்தான் மாத்திரை என்று அம்மா சொன்னதை நானும் நம்பினேன். ராத்திரி மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் போதும், எழுந்து உட்கார்ந்து, மகள் எங்கே படுத்திருக்கிறாள் என்று கையால் தடவிப் பார்ப்பேன், விடியும்வரை அப்படியே இருப்பேன். சைக்யாட்ரிஸ்ட் கொடுத்த மாத்திரை முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்யாத மாதிரிதான் இருந்தது, மூன்றாவது வாரத்தில் முழுதாக ஐந்து மணி நேரம் தூங்கினேன். தூங்கிய பிறகுதான் எனக்குப் பேசவே தெம்பு வந்தது. ஆனால் அவரோடு பத்துப் பதினைந்து நிமிஷம்தான் கிடைக்கும், அதில் என் கதையைச் சொல்ல முடியாது. ஆகவே இதா அதா என்று போட்டியே வேண்டாம், உடம்பு தாங்காதவர்களுக்கு இரண்டும் வேண்டும். நன்றாகிவிட்டது என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பேச்சு சிகிச்சையில் எனக்கு நன்றாகப் புரிந்த ஒரு வித்தியாசம் இருக்கிறது. வன்முறையைத் தாண்டி வந்தவர்களோடு வேலை செய்து பழகியவர், முதல் நாளே "என்ன நடந்தது, எல்லாத்தையும் சொல்லுங்க" என்று தோண்ட மாட்டார். இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள், வீட்டுக்காரருக்கு அந்த இடம் தெரியுமா, போனை வேறு யாராவது பார்க்கிறார்களா, குழந்தையை ஸ்கூலில் இருந்து யார் கூட்டி வருகிறார்கள், இதையெல்லாம் கேட்பார். எனக்கு முதல் ஐந்து சந்திப்பும் தூக்கம், மூச்சு, பயம் வரும்போது காலைத் தரையில் அழுத்தி உட்காருவது என்றே போனது. பழைய கதைக்கு வந்தது அப்புறம்தான். அந்தக் கட்டத்துக்கு என்று தனி முறைகள் இருக்கின்றன, நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றிப் பழக்கும் சி.பி.டி.யில் அதிர்ச்சிக்கென அமைந்தது ஒன்று, கண்களை இடமும் வலமுமாக அசைத்தபடி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். ஒன்று. அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு உலக சுகாதார அமைப்பு 2013ல் பரிந்துரைத்தவற்றில் இந்த இரண்டும் உண்டு. இவற்றில் பயிற்சி உண்டா என்று நேராகவே கேட்கலாம்.

ஆன்லைனில் எனக்குப் பிடித்தது, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் தமிழ் பேசும் ஆளை வீட்டிலிருந்தே தேர்ந்தெடுக்க முடிந்தது. வாசலில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் இல்லை. ஆனால் இரண்டு அறை வீட்டில் எங்கே உட்கார்ந்து அழுவது? மொட்டை மாடியில் பேசினால் பக்கத்து வீட்டுத் துணி காயும் கொடி வரை கேட்கும். நான் சில்வர் பீச்சில் ஸ்கூட்டியை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தபடி பேசினேன், காற்று இரைச்சலில் மறுமுனையில் இருந்த கவுன்சிலிங் அம்மா மூன்று தடவை "கேட்கலையே" என்றார், சொல்ல வந்ததை மூன்று தடவை சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனி அறையும் நல்ல நெட்டும் இருந்தால் ஆன்லைன் தாராளமாகப் போதும். போனில் வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்த கூகுள் கணக்கே இன்னும் ஓடுகிறது என்றால் முதலில் அதை மாற்றுங்கள்; நீங்கள் இருக்கும் இடமும், யாருக்குப் பணம் அனுப்பினீர்கள் என்பதும் அங்கே தெரிய வாய்ப்பு உண்டு. கணக்கை மாற்றினால் அவருக்குச் சந்தேகம் வரும் என்றால் அம்மா போனில் பேசுங்கள்.

அடுத்து, மகளிர் காவல் நிலையத்திலும் குடும்ப நீதிமன்றத்திலும் நடக்கிற கவுன்சிலிங். இதை வைத்தியம் என்று நம்பிப் போகாதீர்கள். 1984 குடும்ப நீதிமன்றச் சட்டமே முதலில் சமரசத்துக்கு முயலத்தான் சொல்கிறது, அது அவர்கள் வேலை. உங்கள் மனசு ஆறுவது வேறு வேலை. அதேபோல, அடியும் மிரட்டலும் நிற்காதபோது கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் ஜோடி கவுன்சிலிங்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உள்ளே நீங்கள் வாய் திறந்ததற்கு வீட்டுக்குப் போனதும் கணக்குத் தீர்ப்பார்.

வழக்கு, தங்குமிடம், மருத்துவச் சான்று என்று சேர்த்து வேண்டியவர்களுக்கு மத்திய அரசின் ஒன் ஸ்டாப் சென்டர், சகி என்றும் சொல்வார்கள், பெண்கள் உதவி எண் 181ல் கேட்டால் வழி சொல்வார்கள். அடி விழவில்லையே, திட்டினார், சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டார், அவ்வளவுதானே என்று தயங்காதீர்கள், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் வாய்வன்முறையும் பண வன்முறையும் வன்முறைதான்.

இப்போது நான் போவது புதுச்சேரியில் ஒரு பெண் சைக்காலஜிஸ்டிடம், 15 நாளுக்கு ஒரு தடவை, 1,200 ரூபாய். எனக்குப் பெரிய தொகைதான், அதனால்தான் வாரம் ஒரு தடவை என்பதை இப்படி மாற்றிக் கேட்டேன், ஒத்துக்கொண்டார். அவரிடம் நேரம் வாங்கும் முன் போனில் இரண்டே கேள்வி கேட்டேன். என் வீட்டுக்காரரையும் கூட்டிவரச் சொல்வீர்களா? என்னைக் கேட்காமல் என் வீட்டில் யாரிடமாவது பேசுவீர்களா? முதலாவதற்கு, மாட்டேன் என்றார். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்து, "உங்க உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும் பேசுவேன், அப்பவும் முடிஞ்சவரை உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்" என்றார். 2017 மனநலச் சட்டத்தில் ரகசியம் நோயாளியின் உரிமை என்று இருப்பதும், அதற்கு இந்த மாதிரி விலக்குகள் உண்டு என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் படிவத்திலும் அவசரத் தொடர்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அண்ணன் நம்பரை எழுதவில்லை, என்கூட வேலை செய்யும் அக்காவின் நம்பரை எழுதினேன்.