லாங் பஜார் பக்கம் பழைய பிளேஸ்டேஷன் வாங்கப் போகிறவர்களுக்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது ‘ரெட்ரோ கேம்’ போர்டைப் பார்த்துவிட்டு பழைய பிளேஸ்டேஷன் (டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி) வாங்க நினைத்திருந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அதிலும் ‘எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ சிடியோடு ஒரு செட்டாகத் தருகிறேன் என்று சொன்னால் இன்னும் கவனமாகப் படியுங்கள். எனக்கு 7,500 ரூபாய் போயிருக்கிறது. கடைப் பெயரைப் போடப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். லாங் பஜார் பக்கம் ஒரு மாடிக் கடை, அவ்வளவுதான் இப்போதைக்கு.

கேமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் ஏமாற்று எந்த இடத்தில் நடந்தது என்று புரியாது.

கேப்காம் கம்பெனி 1996இல் வெளியிட்ட ஆர்கேட் கேம் அது. காசு போட்டு நின்றுகொண்டே ஆடுவோமே, அந்தப் பெரிய பெட்டிக்காகச் செய்தது. நாம் எல்லோரும் ‘முஸ்தபா’ என்று சொல்லி ஆடிய கேமும் இதே கம்பெனிதான் (அதன் நிஜப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்பது பாதிப் பேருக்கு இன்றுவரை தெரியாது). இதில் ஒரு பக்கம் வுல்வரின், சைக்ளாப்ஸ், ஸ்டார்ம், மேக்னெட்டோ வகையறா. மறுபக்கம் ரியூ, கென், சுன்-லீ, நம்ம ஊர் யோகி தால்சிம். ஆளுக்கு இரண்டு பேரை ஜோடியாக எடுத்துக்கொண்டு மோத வேண்டும். பெரிய குத்து பட்டனையும் பெரிய உதை பட்டனையும் சேர்த்து அழுத்தினால் வெளியே காத்திருக்கும் ஆள் பாய்ந்து உள்ளே வருவான். அடி வாங்கியவன் வெளியே போய், இழந்த உயிரில் கொஞ்சத்தை மீட்டுக்கொண்டு திரும்புவான். எப்போது மாற்றுவது, யாரை மிச்சம் வைப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

அதே கேமை 1998இல் ‘பிளேஸ்டேஷன் ஒன்று’க்கு, அதாவது முதல் தலைமுறை பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தபோது அந்த ஆள் மாற்றும் வசதியையே எடுத்துவிட்டார்கள். காரணம் மெமரி. ஆர்கேட் பெட்டியில் படங்கள் எல்லாம் சிப்பிலேயே இருக்கும், வேண்டும்போது உடனே எடுத்துக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் எல்லாவற்றையும் சிடியிலிருந்து படித்து முதலில் மெமரியில் ஏற்ற வேண்டும். அதன் மெயின் மெமரி மொத்தமே 2 எம்பி. நான்கு வீரர்களின் எல்லா அசைவுகளையும் ஒரே நேரத்தில் அதற்குள் அடைக்க முடியாது. ஆகவே சண்டை ஒருவருக்கு ஒருவர் என்று ஆகிவிட்டது. ஜோடி ஆள் சில சிறப்பு அடிகளில் மட்டும் எட்டிப் பார்த்து ஒரு அடி கொடுத்துவிட்டு ஓடிவிடுவான். அசைவுகளிலும் படங்களைக் குறைத்துவிட்டார்கள், அதனால் உதை எல்லாம் வெட்டி வெட்டித் தெரியும். திரையில் நெருப்பும் மின்னலும் கூடினால் ஆட்டம் மந்தமாகிவிடும். பிரியாணி என்று போர்டு போட்டுக் குஸ்கா வைத்த கதை.

சேகா சாட்டர்ன் என்பது பிளேஸ்டேஷனுக்குப் போட்டியாக வந்த இன்னொரு கேம் பெட்டி. ஜப்பானில் மட்டும் விற்ற அதன் பதிப்பு 1997இலேயே வந்தது. அதற்கு 4 எம்பி மெமரி கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தனியாகச் செருக வேண்டும். அதைச் செருகினால் ஆள் மாற்றுவது ஆர்கேடில் மாதிரியே வேலை செய்யும். இந்த விஷயம் தெரிந்தவர்கள் பிளேஸ்டேஷன் பதிப்பைத் தொடவே மாட்டார்கள். தெரியாதவர்களைத்தான் கடைக்காரர் பிடிக்கிறார்.

எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். கடைக்குள் நுழைந்ததும் சுவரில் பெரிய எல்இடி டிவி. கீழே மேஜைமேல் சாம்பல் நிற பிளேஸ்டேஷன், மூடி திறந்து உள்ளே சிடி தெரிகிற மாதிரி வைத்திருந்தார். டிவியில் கேம் ஓடுகிறது. அவரே ஆடிக் காட்டினார். வுல்வரின் இரண்டு அடி வாங்கியதும் வெளியே போகிறான், ரியூ குதித்து வருகிறான், மறுபடி வுல்வரின். என் அக்கா பையன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். “தம்பிக்கு ஆர்கேட் அப்படியே வீட்டுக்கு வந்த மாதிரி சார், ஒரு வித்தியாசமும் இருக்காது” என்றார். விலை 9,000 சொல்லி 7,500இல் முடித்தார். நான் ஜிபே பண்ணினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘கேம் செட் 1’ என்று எழுதி, கடை முத்திரைகூட இல்லாமல் கொடுத்தார். “பழைய ஐட்டத்துக்கு பில் போட மாட்டோம் சார், வாய் வார்த்தைதான்.”

வீட்டில் போட்டோம். முதலில் சிடி படிக்கவே இல்லை. போன் செய்தால், “பெட்டியத் தலைகீழா கவுத்து வைங்க சார், ஓடும்” என்றார். கவிழ்த்து வைத்தால் நிஜமாகவே ஓடியது! பிளேஸ்டேஷனின் முதல் மாடல்களில் லென்ஸ் நகரும் தடம் தேய்ந்துபோனால் இப்படிச் செய்வது பழைய வித்தை. அதாவது லென்ஸ் போன பெட்டி என்பது அவருக்கு முன்பே தெரியும்.

பையன் தால்சிமையும் வுல்வரினையும் எடுத்தான். சண்டை தொடங்கியது. தட்டுகிறான், தட்டுகிறான், ஒன்றும் ஆகவில்லை. “மாமா, ஆளு மாற மாட்டேங்குது.” பேட் (கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர்) பழுதோ என்று இன்னொரு பேடைப் போட்டோம். அதிலும் அதே கதை. தால்சிம் செத்தால் வுல்வரின் வருவான் என்று பார்த்தால், ரவுண்டு முடிந்து அதே தால்சிம் எழுந்து நிற்கிறார். ஒவ்வொரு சண்டைக்கும் நடுவில் லோடிங். பையன் போய் கேரம் போர்டை எடுத்துவிட்டான்.

சிடியை வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் மீதியும் தெரிந்தது. பிளேஸ்டேஷன் ஒன்றின் ஒரிஜினல் சிடிக்கு அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இது நீலப் பச்சையில் பளபளக்கிறது. மேலே அழகாக வண்ணப் படம் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் கொஞ்சம் உரித்தால் அடியில் ஸ்கெட்ச் பேனாவில் கேம் பெயர் எழுதியிருக்கிறது, அதுவும் எழுத்துப் பிழையோடு. பிளேஸ்டேஷன் காப்பி சிடியைச் சாதாரணமாக ஏற்காது. இதில் ஓடுகிறது என்றால் பெட்டிக்குள்ளேயும் யாரோ கை வைத்து சிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘ஒரிஜினல் செட், யாரும் பிரிக்காதது’ என்று சொல்லி விற்றது இது.

சரி, கடையில் ஆள் மாறியதே, அது எப்படி? இரண்டாம் முறை போனபோது பார்த்தேன். டிவி பின்னால் போகும் வயர் எச்டிஎம்ஐ. பிளேஸ்டேஷன் ஒன்றில் எச்டிஎம்ஐ கிடையவே கிடையாது, சிவப்பு வெள்ளை மஞ்சள் ஏவி வயர்தான் வரும். டிவிக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டிக் செருகியிருந்தது, ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக ஆன்லைனில் விற்பார்களே, அந்த வகை. அதில் ஓடுவது ஆர்கேட் பதிப்பு. மேஜைமேல் இருக்கும் பிளேஸ்டேஷன் சும்மா பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அவர் கையில் இருந்த பேட்கூட வயர்லெஸ்.

இதைக் கேட்டதும் கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. “சார், அந்த கேம் பிளேஸ்டேஷன்ல அப்படித்தான் வரும். கேம் செஞ்சவன் குறை, எங்க குறை இன்னா?” என்றார். நியாயமாகப் பேசினால் முதல் பாதி உண்மைதான். கேப்காம் செய்த பதிப்பே அப்படி, அதற்கு இவரை எப்படித் திட்டுவது? ஆனால் அது அப்படித்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதானே வேறு எதையோ ஓட்டிக் காட்டி இதைத் தலையில் கட்டினார்? இதைக் கேட்டபோது பதில் இல்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கையைக் காட்டினார்.

அந்தத் தாளைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர நமக்கு உரிமை இருக்கிறது. இல்லாத தரம் இருப்பதாகச் சொல்லி விற்பதும் அதே சட்டத்தில் வருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்தேன், தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். 7,500க்காக இவ்வளவு அலைச்சலா என்று என் மச்சானே கேட்டார். காட்பாடியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வாராவாரம் அந்த மாடிப்படி ஏறுகிறார்கள், அதனால்தான்.

போகத்தான் போகிறீர்கள் என்றால் பேடை உங்கள் கையில் வாங்கி ஆடுங்கள், அவர் ஆடிக் காட்டுவதைப் பார்க்காதீர்கள். பேட் வயர் பெட்டிக்குள் போகிறதா, பெட்டியிலிருந்து ஏவி வயர் டிவிக்குப் போகிறதா என்று கண்ணால் பின்தொடருங்கள். படம் ரொம்பத் துல்லியமாக இருந்தாலே சந்தேகப்படுங்கள், பழைய பெட்டி பெரிய எல்இடி டிவியில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். சிடியைப் புரட்டி அடிப்பக்கம் கறுப்பா என்று பாருங்கள். பெட்டியின் அடியில் மாடல் எண் இருக்கும். கடைசி இலக்கம் 0 என்றால் ஜப்பான், 1 என்றால் அமெரிக்கா, 2 என்றால் ஐரோப்பா. ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகளை நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் உள்ளே பவர் போர்டு புகைந்துவிடும், தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இதைப் பற்றி அந்தக் கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல வேளை, எனக்குக் கிடைத்தது 2.

அப்புறம், இந்த கேமை ஒழுங்காக ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு: கேப்காமே 2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச், கம்ப்யூட்டருக்கு ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன்’ என்று 7 பழைய கேம்களைச் சேர்த்து வெளியிட்டது. அதில் இது ஆர்கேட் பதிப்பாகவே இருக்கிறது, ஆள் மாறும். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத்தான் இப்போது போட்டிருக்கிறோம். 7,500ஐவிட ரொம்பக் குறைவு.

புகார் எண் வந்தபிறகு கடைக்காரரே போன் செய்தார். குரலில் திடீரென்று மரியாதை. “பாதிப் பணம் தர்றேன் சார், பெட்டியும் நீங்களே வெச்சிக்கோங்க, கூட மூணு சிடி ஃப்ரீ. புகார மட்டும் வாபஸ் வாங்கிடுங்க.” அந்த மூன்று சிடிக்கு அடிப்பக்கம் என்ன நிறம் என்று கேட்டேன். லைனைத் துண்டித்துவிட்டார். முழுப் பணமும் வராவிட்டால் ஆணையத்தில் போடுவதாக இருக்கிறேன். அதே கடையில் இதே மாதிரி வாங்கியவர்கள் இருந்தால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் துண்டுச் சீட்டையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். ஒரே குறையுள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து மனு போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், கடைப் பெயரை அங்கே சொல்கிறேன்.