தெற்கு மாசி வீதிச் சந்தில் ஒரு பைண்டிங் கடை

என் தாத்தா 1944-ல், இன்றைய நாகாலாந்தில் உள்ள திமாப்பூரில், ராணுவ லாரி ஓட்டியவர். அதனால் அங்கே பக்கத்தில் ஜப்பான் படையும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் மோதிய கொஹிமா சண்டை பற்றிப் பழைய புத்தகம் எது கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். போன வருடம் வாங்கியது முதுகு விட்டுத் தாள் தாளாக உதிர்ந்தது. அதற்கு முன் வேறொரு புத்தகத்தை இன்னொரு கடையில் கொடுத்தபோது, ஓரத்தை மெஷினில் வெட்டியதில், மடிப்பு வரைபடத்தில் பர்மாவின் சிந்த்வின் ஆறே காணாமல் போயிருந்தது. அந்தப் பயத்தோடுதான் இங்கே போனேன்.

கடைக்காரர் முதலில் வரைபடத்தைத்தான் விரித்தார். "இது எந்த ஊரு சார்?" என்றார். நின்றபடியே சொன்னேன். ஜப்பானின் 31-வது டிவிஷன் தளபதி கொட்டோகு சாட்டோ. மார்ச்சில் சிந்த்வின் ஆற்றைக் கடந்தபோது அவர் ஆட்களிடம் மூன்று வாரச் சாப்பாடுதான். ஏப்ரல் தொடக்கத்தில் கொஹிமாவை வளைத்தார்கள். துணை ஆணையர் பங்களா டென்னிஸ் மைதானத்தின் இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. பின்னாலிருந்து அரிசி வரவில்லை, குண்டும் வரவில்லை. மேலதிகாரி முத்தகுச்சி நகரக்கூடாது என்றார். மே முடிவில் சாட்டோ மிஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். பதவியைப் பறித்தார்கள். என்னை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துங்கள் என்று அவரே கேட்டார். மனநிலை சரியில்லை என்று எழுதி, விசாரணையே இல்லாமல் மூடிவிட்டார்கள். என் தாத்தாவுக்கு எதிரிப்படை அவர். ஆனாலும் பசித்த பிள்ளைகளைத் திருப்பி அழைத்து வந்தது சரிதான் என்பேன்.

கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப இந்த ஓரத்துல கத்தி படக்கூடாது" என்றார், அவ்வளவுதான்.

படவில்லை. மடிப்பு ஓரத்தில் துணிப் பட்டை ஒட்டி, அந்தப் பட்டையில்தான் தைத்திருக்கிறார். வரைபடம் கடைசி வரை விரிகிறது. நூல் தையல், சிவப்புக் காலிகோத் துணி முதுகு, பூச்சி வராமல் மயில்துத்தம் கலந்த மைதாப் பசை. 380 ரூபாய். இந்த வேலைக்கு இன்னும் நூறு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

குறை ஒன்று: நாலு நாள் என்றவர் பன்னிரண்டு நாள் இழுத்துவிட்டார். ஜூனில் பள்ளி நோட்டு வேலை குவிகிறது, அப்போது போகாதீர்கள்.

நேற்று ராத்திரி கொஹிமாவிலிருந்து மணிப்பூரின் உக்ருல் வரை விரலை வைத்துப் போனேன். அங்கே அரிசி இருக்கும் என்றுதான் சாட்டோவின் ஆட்கள் நடந்தார்கள். இருக்கவில்லை. அந்த வழி முழுக்க, ஒரு மில்லிமீட்டர் குறையாமல், என் வரைபடத்தில் இருக்கிறது.