‘கடல் முகப்பு, முழுமையாகப் புதுப்பித்தது’: நீஸ் பக்கம் அறை போடமுன் இதைப் படியுங்கள்

போன ஜூனில் நடந்தது. பண விஷயம் முடியட்டும் என்று இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தேன். போன கிழமைதான் முடிந்தது. கோடை விடுமுறைக்கு எங்கள் ஆட்கள் பிரான்சின் தெற்குக் கரையில் அறை தேடத் தொடங்குகிற நேரம் இது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. வல்வெட்டித்துறையில் கடலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் பிறந்து வளர்ந்தவ. பாரிசுக்கு வந்த நாளிலிருந்து புறநகரான லா கூர்நேவில் ஆறாம் மாடியில் எங்களோடு இருக்கிறா. சன்னலைத் திறந்தால் எதிர்த் தொடர்மாடியின் சுவர்தான். "விடிய எழும்பிக் கண்ணைத் திறக்கேக்க கடல் தெரிய வேணும், ஒரு நாளெண்டாலும் காணும்" என்று அவ சொல்லாத வருடமில்லை. ரொறொன்ரோவிலிருந்து வரவிருந்த தம்பி, இந்தமுறை அம்மாவின் ஆசையை முடித்துவைப்போம் என்று அங்கிருந்தே அறை போட்டான். நீஸுக்கும் ஆந்தீப்புக்கும் நடுவில் ஒரு ஊர், நான்கு நட்சத்திர ஹோட்டல். முழுமையாகப் புதுப்பித்தது, கடற்கரை முகப்பு, கடல் தெரியும் அறை, சொந்தக் கடற்கரை என்று போட்டிருந்தது. இரண்டு அறை, மூன்று இரவு, 1,740 யூரோ. ரத்துச் செய்தால் பணம் திரும்பாது என்ற கட்டணம் கொஞ்சம் மலிவு. அவன் முழுவதையும் அன்றைக்கே கட்டிவிட்டான்.

பாரிசின் கார் து லியோன் நிலையத்தில் ரயில் ஏறினால் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலப் பயணம். அம்மா இரவே இடியப்பமும் சம்பலும் கட்டி வைத்துவிட்டா. ஹோட்டலின் வரவேற்பு மண்டபம் உண்மையிலேயே அழகு. வெள்ளைக் கல், புதுச் சோபா, ஆள் உயரப் பூச்சாடி. தம்பி எங்களுக்கு அனுப்பிய படங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு மண்டபத்தில் எடுத்தவை என்று அப்போதுதான் விளங்கியது.

எங்கள் அறைகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. முற்றத்தைத் தாண்டிப் பின்னால் இருந்த பழைய கட்டடத்துக்கு அனுப்பினார்கள். லிஃப்ட் கதவில் துருவுக்கு மேலேயே தங்க நிறப் பெயின்ற் அடித்திருந்தது, விரல் பட்ட இடத்தில் பொருக்குப் பொருக்காகக் கழன்றது. அறைக் கதவில் புதுக் கைபிடி. பழைய கைபிடி இருந்த இரண்டு துளைகளையும் வெள்ளைப் பசையால் அடைத்திருந்தார்கள். குளியலறைச் சுவரில் பூச்சுக் கொப்புளம் போட்டு, ஒரு மூலையில் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கட்டிலும் திரைச்சீலையும் மட்டும்தான் புதிது.

அம்மா பையைக்கூட வைக்காமல் நேரே பல்கனிக்குப் போனா. எதிரே கார் நிறுத்துமிடம்.

"கடல் எங்க பிள்ளை?"

தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்து இடப்பக்கம் எட்டிப் பார்த்தான். பக்கத்துக் கட்டடத்தின் மூலைக்கும் ஒரு பைன் மரத்துக்கும் இடையில் ஒரு சாண் அகலத்துக்கு நீலம். "அங்கால தெரியுதம்மா" என்றான். முழங்கால் ஏலாத மனிசி, அப்படிச் சாய்ந்து பார்க்க முடியுமா? "சரி விடுங்கோ, காத்து வருதுதானே" என்று கதிரையில் இருந்துவிட்டா. அவ கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கீழே போய்க் கேட்டேன். அந்தப் பெண் கணினியைத் திருப்பிக் காட்டினாள். பிரெஞ்சுப் பக்கத்தில் ‘வியூ மேர் லாத்தெரால்’ என்று இருந்தது. பக்கவாட்டில் கடல் தெரியும் என்று அர்த்தம். தம்பி ஆங்கிலப் பக்கத்தில் பார்த்தான், அங்கே ‘கடல் காட்சி’ மட்டும்தான். ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள். கடல் நேரே தெரியும் என்று நம்பித்தானே நாங்கள் 1,740 யூரோ கட்டினோம்? மற்ற மொழியில் அறை போடுகிறவர்கள், பிரெஞ்சுப் பக்கத்தை ஒருக்கால் திறந்து அறையின் பெயரைப் பாருங்கள். ‘வியூ மேர்’ என்றால் கடல் தெரியும். ‘கோத்தே மேர்’ என்றால் கடல் இருக்கிற பக்கம், அவ்வளவுதான், நடுவில் கட்டடம் நிற்கலாம்.

‘கடற்கரை முகப்பு’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘புரோன் து மேர்’ என்று போடுகிற ஹோட்டலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு வழிச் சாலை போகலாம். இந்தக் கரையில் சாலை மட்டுமல்ல, 1860களில் போட்ட ரயில் பாதையும் பல இடங்களில் கடலை ஒட்டியே ஓடுகிறது. எங்கள் ஹோட்டலுக்கு முன்னால் இரண்டும் இருந்தன. கடலுக்குப் போவதென்றால் சுரங்கப் பாதையில் 24 படி இறங்கி மறுபக்கம் 24 படி ஏற வேண்டும். லிஃப்ட் இல்லை, சாய்தளம் இல்லை, மூத்திர நாற்றம். அம்மா முதல் நாள் ஒரு தரம் போய் வந்தா. அடுத்த நாள் முழங்கால் வீங்கிவிட்டது. கட்டடத்தை விட்டு இறங்கினால் நேரே கடல் வேண்டும் என்றால் தேட வேண்டிய சொல் ‘பியே தோன் லோ’, கால் தண்ணீரில் என்று அர்த்தம். அதையும் வரைபடத்தில் செய்மதிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

விளம்பரப் படத்தில் மணல் இருந்தது. நேரில் முழுக்கக் கூழாங்கல். நீஸிலும் அதைச் சுற்றியும் கரை அப்படித்தான், ஜுவான்-லே-பான், கான் பக்கம் போனால்தான் மணல். சொந்தக் கடற்கரை என்று சொன்ன இடத்தில் ஒரு சாய்கதிரைக்கு நாளுக்கு 32 யூரோ, ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கும் அதே விலை. நாங்கள் எடுக்கவில்லை. அம்மாவைத் தண்ணீர் ஓரமாக ஒரு துவாயில் இருத்தியபோது, அங்கே வேலை செய்கிற பெடியன் வந்து இது தனியார் இடம், எழும்புங்கள் என்றான். இதை எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்: பிரான்சில் கடற்கரை பொதுச் சொத்து. 1986இன் கரையோரச் சட்டத்தின்படி கடற்கரைக்குப் போவது இலவசம், தண்ணீர் ஓரமாக நடந்து போக வழி விட்டே ஆக வேண்டும். ஹோட்டல்களுக்கு நகரசபை தருவது குறிப்பிட்ட காலத்துக்கான அனுமதிதான். 2006இன் அரசாணைப்படி இயற்கையான கடற்கரையில் 80 வீதம் வெறுமையாக இருக்க வேண்டும். அவனோடு நான் வாதாடவில்லை, அம்மா பயந்துவிட்டா. ஐம்பது மீற்றர் தள்ளிப் போய்ப் பொது இடத்தில் இருந்தோம்.

இரண்டாம் நாள் காலை எட்டேகாலுக்குத் தலைக்கு மேல் துளையிடும் மெசின் தொடங்கியது. மேல்மாடியில் திருத்த வேலை இன்னும் முடியவில்லை. ‘முழுமையாகப் புதுப்பித்தது’ என்று எழுதி, முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, ஆட்களை வேலை நடக்கிற கட்டடத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இழுப்பு இருக்கிறது. சன்னல் விளிம்பில் சீமெந்துத் தூசி, அவவின் சேலையில் தூசி. முகாமையாளர் வந்து மன்னிப்புக் கேட்டார், எல்லோருக்கும் ஒரு நேரக் காலைச் சாப்பாடு இலவசம் என்றார். வேறு அறை கேட்டோம், இல்லை என்றார். மிச்சப் பணத்தைத் தாருங்கள், போகிறோம் என்றோம். அறை போட்ட இணையத்தளத்தைக் கேட்கச் சொன்னார். தளத்துக்குப் போன் எடுத்தால் ஹோட்டலைக் கேட்கச் சொன்னார்கள். இப்படியே அம்மாவின் ஒரு பகல் போனது.

பிறகு செய்ததில் பலன் தந்தது இதுதான். அறையை விட்டு வரமுன் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். மெசின் சத்தத்தை நேரம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்தேன். விளம்பரப் பக்கத்தின் இரண்டு மொழியையும் அன்றிரவே படமாகச் சேமித்தேன். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தபோது ‘முழுமையாக’ என்ற சொல் அங்கே இல்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பியின் பெயரில் ஹோட்டலுக்கு ரெக்கொமாந்தே கடிதம், அதாவது பதிவுத் தபால், அரசாங்கத்தின் நுகர்வோர் தளமான சின்யால்கோன்சோவில் முறைப்பாடு. கடிதத்தில் கோபத்தை எழுதவில்லை. எழுதிக் கொடுத்தது இது, தந்தது இது என்று எதிரெதிரே வைத்து, இது நுகர்வோர் சட்டத்தில் ஏமாற்று வணிக நடைமுறை என்று ஒரு வரி எழுதினேன். அடுத்த முறைக்கு 20 வீதக் கழிவு தருகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த முறையா? மறுத்துவிட்டேன்.

அறுபது நாள் கடந்ததும் மத்தியஸ்தருக்கு எழுதினேன். இங்கே ஒவ்வொரு நிறுவனமும் ஒரு நுகர்வோர் மத்தியஸ்தரின் பெயரைத் தன் நிபந்தனைகளில் போட்டே ஆக வேண்டும், எங்களுக்குச் செலவில்லை. அவர் சொல்வது யாரையும் கட்டாயப்படுத்தாது, ஆனாலும் ஹோட்டல் ஏற்றுக்கொண்டது. போன கிழமை 430 யூரோ தம்பியின் கார்டுக்கு வந்தது. மிச்சம் போனது போனதுதான்.

இணையத்தில் வாங்கும் பொருளைப் பதினாலு நாளுக்குள் திருப்பலாம் என்ற சட்டம், தேதி குறித்துப் போடும் ஹோட்டல் அறைக்குக் கிடையாது. பல பேர் அதை நம்பி மாட்டுப்படுகிறார்கள். ஹோட்டலுக்கு நேரே முற்பணம் கட்டுகிறவர்கள் ரசீதில் ‘ஆர்’ என்று இருக்கிறதா, ‘அக்கோந்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஆர் என்றால் அந்த முற்பணத்தை விட்டுவிட்டு நீங்கள் விலகலாம், அவர்கள் விலகினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். அக்கோந் என்றால் இரண்டு பக்கமும் கட்டுப்பட்டதாகிவிடும். நட்சத்திரத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அது அறையின் அளவு, வசதி, சேவை பார்த்து ஐந்து வருடத்துக்குத் தருவது. உங்கள் சன்னலில் கடல் தெரியுமா என்று அது சொல்லாது.

இந்தக் கோடைக்கு ஏற்கெனவே அறை போட்டுவிட்டவர்கள் இன்றைக்கே போன் எடுத்து மூன்றைக் கேளுங்கள். எங்கள் அறை எந்தக் கட்டடத்தில்? திருத்த வேலை முடிந்துவிட்டதா? கடலுக்கு எத்தனை படி? பதிலை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.