முத்திரை வச்ச கொடியா, வெறும் பட்டைக் கொடியா? மாத்தி பாத்துட்டு சொல்றேன்

போன தை மாசம் எங்க கிளப் கொடிய மாத்துனோம். கிளப்புன்னா பெருசா ஒண்ணும் இல்ல, குன்னூர்ல எங்க லைன் பசங்க வாலிபால் ஆடுற ஒரு கிரவுண்டு, ஒரு ஷெட்டு, ஒரு கொடிக்கம்பம், அவ்ளோதான்.

பழைய கொடி வெள்ளைத்துணி, நடுவுல வட்ட முத்திரை. அதுக்குள்ள தேயிலைக் கொழுந்து, மலை ரயிலு, வரையாடு, குறிஞ்சிப்பூ, சுத்தி கிளப் பேரு, ஆரம்பிச்ச வருசம்னு ஆளாளுக்கு சொன்னதெல்லாம் சேத்தாச்சு. கீழ இருந்து பாத்தா ஏதோ டீக்கறை மாதிரி தெரியும், மிஸ்ட் எறங்குனா அதுவும் தெரியாது. புதுசு மேல நீலம், கீழ பச்சை, நடுவுல வெள்ளையில ஏறி எறங்கிப் போற ஒரு வளைவெட்டுக் கோடு. மலைன்னும் சொல்லலாம், கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ரயில இழுக்குற பல் தண்டவாளம்னும் சொல்லலாம். நீலகிரிப் பழங்குடி தோடர் மக்களோட பூத்தையல் சிவப்பு கருப்புல பண்ணலாம்னும் ஒருத்தன் சொன்னான், பாக்க அருமையாத்தான் இருந்திருக்கும், ஆனா அது அவங்களோடது, 2013ல புவிசார் குறியீடு வாங்குனது, நாம எடுத்து ஒட்டிக்கிறது சரியில்லன்னு விட்டுட்டோம்.

வெளியூர்லயும் இதே கதைதான். அமெரிக்காவுல மில்வாக்கின்னு ஒரு ஊரு, போட்டி வச்சு வந்த டிசைன்கள கலந்துகட்டி 1954ல கப்பல், பல்சக்கரம், ஸ்டேடியம்னு ஒரே கொடியில திணிச்சாங்க. அங்கயே பொக்கடெல்லோன்னு இன்னொரு ஊரு அதுக்கும் மேல, கொடியிலயே காப்பிரைட் வாசகம். 2004ல 150 அமெரிக்க ஊர்க்கொடிய வரிசப்படுத்துனப்ப கடைசி எடம், 2017லதான் மலைய வச்சு புதுசு கொண்டுவந்தாங்க. ஆனா சிகாகோ கொடி ரெண்டு நீலப்பட்டையும் சிவப்பு நட்சத்திரமும்தான். 1917ல ரெண்டு நட்சத்திரம் இருந்துச்சு, 1933லயும் 1939லயும் ஒண்ணொண்ணா சேத்து நாலாச்சு, பட்டையில கை வைக்கவே வேண்டியிருக்கல.

அழகு அவங்கவங்க கண்ணு, அத விடுங்க. என்னய மாத்துனது கிழிசல்தான். கம்பத்துப் பக்கம் கொடி கிழியாது, காத்துல அடிச்சுக்கிட்டே இருக்குற அந்தக் கடைசி ஓரம்தான் நூல் நூலா பிரியும். எங்க டெய்லர் அண்ணன் என்ன பண்ணுவாருன்னா பிஞ்ச எடத்த ரெண்டு விரக்கடை வெட்டிட்டு மறுபடி ஓரம் மடிச்சு அடிச்சுக் குடுத்துருவாரு. பட்டைக் கொடி நீளம் கொஞ்சம் கொறையும், வேற ஒண்ணும் தெரியாது. முத்திரைக் கொடியில ரெண்டு தடவை வெட்டுனதுமே முத்திரை நடுவுல இல்லாம ஓரத்துக்கு நகந்துருச்சு, வரையாடு கொடிய விட்டு குதிக்கப் போற மாதிரி நிக்குது. புதுசா பிரிண்ட் போடணும்னா கோயம்புத்தூர் போகணும், ஒரு பீசுக்கு மெனக்கெட மாட்டாங்க. எழுத்து வேற பின்பக்கம் பாத்தா கண்ணாடியில தெரியுற மாதிரி திரும்பி ஓடுது. கேட்டதுக்கு அண்ணன், "தம்பி, ரெண்டு பக்கமும் நேரா தெரியணும்னா ரெட்டைத் துணி வச்சுத்தான் தைக்கணும், அப்புறம் அது பறக்காது, ஈரச்சாக்கு மாதிரி தொங்கும்"னாரு. புதுசுக்கு மார்க்கெட்ல மூணு கலர் துணி வாங்கிக் குடுத்தா போதும், சாயங்காலம் ரெடி.

ஒண்ணு ஒத்துக்கணும், வளைவெட்டுக்கு அவர் கூடுதலா காசு கேட்டாரு, நேர்ப்பட்டைன்னா இன்னும் சல்லிசு. அதோட புதுசு இதுவரைக்கும் ஆடிக்காத்த மட்டும்தான் தாங்கிருக்கு, ஒரே ஒரு தடவை ஓரம் அடிச்சோம். எங்க பக்கம் பெரிய மழை ஐப்பசியிலதான், அதுல அந்த நீலம் வெள்ளையில எறங்காம இருந்தா மறுபடி சொல்றேன்.

பழசு ஷெட்டுக்குள்ள செவுத்துல இருக்கு, பொருளாளர் மாமா கழட்ட விடல. அங்க நல்லாவும் இருக்கு, கிட்டப்போனா கொழுந்துல ரெண்டு எலை ஒரு மொட்டுன்னு எண்ணக்கூட முடியுது.